வகுப்பறையில் குடும்ப வரலாற்று ஆய்வு: சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

நம் பள்ளிகளில் குடும்ப வரலாறு என்ற பெயரில் நடக்கும் செயல்பாடு பெரும்பாலும் ஒரு சார்ட் தாளோடு முடிந்துவிடுகிறது. நடுவில் மரம் ஒன்றை வரைந்து, கிளைகளில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா ஆகியோரின் பாஸ்போர்ட் அளவுப் படங்களை ஒட்டி, கீழே ‘என் குடும்பம்’ என்று எழுதினால் ஆசிரியர் கையொப்பமிட்டுச் சுவரில் மாட்டிவிடுவார். அந்த மரத்தில் பெயர்கள் இருக்கும், வரலாறு இருக்காது. யார் எப்போது என்ன செய்தார், ஏன் செய்தார், அது உண்மை என்று நமக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விகளில் ஒன்றுகூட அந்தத் தாளில் எழுவதில்லை.

இந்த வழிகாட்டி வேறொரு முறையை முன்வைக்கிறது. ஒவ்வொரு மாணவரும் தமக்குத் தெரிந்த மூத்தவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு கேள்விக்கு அவரிடம் விடை தேடி, அவர் சொன்னதை எழுத்துச் சான்று ஒன்றோடு ஒப்பிட வேண்டும். அதன்பின் வகுப்பின் எல்லா விடைகளையும் ஒன்றாக வைத்து, ஊரின் வரலாற்றில் ஒரு பகுதியை வகுப்பே எழுத வேண்டும். உறவு வரைபடம் இறுதியில் வரலாம், வராமலும் போகலாம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு இது பொருந்தும். வாரத்துக்கு இரண்டு பாடவேளைகள் வீதம் ஆறு முதல் எட்டு வாரங்கள் தேவைப்படும். நேர்காணல், பிள்ளைகள் சொந்த ஊருக்குப் போகும் காலாண்டு விடுமுறையிலோ பொங்கல் விடுமுறையிலோ அமையுமாறு பின்னோக்கிக் கணக்கிட்டுத் தொடங்குவது நல்லது.

முதல் படி: வகுப்புக்கு ஒரே கேள்வி

‘உங்கள் குடும்ப வரலாற்றை எழுதி வாருங்கள்’ என்பது பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அளவற்ற வேலை. எங்கே தொடங்குவது, எதை விடுவது என்று தெரியாத நிலையில் அந்தப் பிள்ளை பெயர்ப் பட்டியலோடுதான் திரும்பி வரும். ஆகவே கேள்வியை ஆசிரியரே குறுக்கித் தர வேண்டும். வகுப்பு முழுவதற்கும் அது ஒன்றாகவே இருக்க வேண்டும். விடைகளை ஒப்பிட அப்போதுதான் வழி பிறக்கும்.

குடும்பம் இந்த ஊருக்கு எப்போது, எதற்காக வந்தது. வீட்டுக்கு மின்சாரம் வருவதற்கு முன் இரவுகள் எப்படி இருந்தன. பத்து வயதில் ஒரு நாளில் என்னென்ன வேலைகள் செய்தார்கள் என்பவை எல்லாம் நல்ல கேள்விகளே. முதன்முறையாகச் செய்யும் ஆசிரியருக்கு நான் பரிந்துரைப்பது வேறொன்று: ‘நீங்கள் எந்த வகுப்புவரை பள்ளிக்குப் போனீர்கள், ஏன் நிறுத்தினீர்கள்?’ இதற்கு எந்த முதியவராலும் விடை சொல்ல முடியும். ‘போகவே இல்லை’ என்பதும் முழுமையான விடைதான். காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டம், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் ஆகியவற்றோடு இந்த விடைகள் நேரடியாக இணையும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதற்கான எழுத்துச் சான்று உங்கள் பள்ளி அலுவலக அலமாரியிலேயே சேர்க்கைப் பதிவேடாக இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுவதும் இந்தக் கேள்வியையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

இரண்டாம் படி: எதைக் கேட்கக் கூடாது என்று முடிவு செய்தல்

வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பே ஆசிரியர் தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. அவசரப்பட்டால் மற்ற எல்லாப் படிகளும் வீணாகும்.

தமிழ்நாட்டில் குடும்பத்தைப் பற்றிக் கேட்கப்படும் எளிய கேள்விகள் பலவும் சாதியைக் கேட்கும் கேள்விகளே. குலதெய்வம் எது, பூர்வீகத் தெரு எது, தாத்தாவின் தொழில் என்ன, பெயருக்குப் பின்னால் என்ன பட்டம் இருந்தது என்று நான்கு வினாக்களை ஒரு படிவத்தில் அச்சடித்துவிட்டால், சாதி என்ற சொல்லே இல்லாமல் வகுப்பின் சாதிப் பட்டியல் தயாராகிவிடும். பள்ளிகளில் சாதி வேற்றுமையைக் களைவது பற்றி ஆராய்ந்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அரசிடம் அளித்த அறிக்கை, மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைக்கூடத் தடுக்கச் சொன்னது. கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, அதே செய்தியைச் சார்ட் தாளில் எழுதவைப்பது முறையாகாது. இந்த நான்கு கேள்விகளும் படிவத்தில் இடம்பெற வேண்டாம். ஒரு முதியவர் தாமாக முன்வந்து, பள்ளியில் தமக்குத் தனித் தண்ணீர்க் குவளை வைத்திருந்ததைச் சொன்னால், அதை எழுதுவதா வேண்டாமா என்ற முடிவு அவருக்கும் அந்த மாணவருக்கும் உரியது. எழுதினால் உரிய மதிப்போடு வகுப்பு அதைப் படிக்க வேண்டும். எழுதச் சொல்லி ஆசிரியர் வற்புறுத்தக் கூடாது.

அடுத்தது குடும்பத்தின் வடிவம். தந்தை விட்டுப் போனவர், தத்தெடுக்கப்பட்டவர், அரசு விடுதியிலோ குழந்தைகள் இல்லத்திலோ வளர்பவர், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருபவர், வடமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளியின் மகள் என எல்லோரும் ஒரே வகுப்பில் இருக்கக்கூடும். இவர்களில் சிலருக்கு மட்டும் ‘விலக்கு’ அளிப்பது அவர்களைச் சுட்டிக்காட்டுவதாகிவிடும். எனவே விதியை முதலிலேயே எல்லோருக்கும் பொதுவாக வகுத்துவிடுங்கள்: தேர்ந்தெடுக்கும் மூத்தவர் இரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. விடுதிச் சமையலர், பக்கத்து வீட்டு ஆச்சி, பள்ளியின் முன்னாள் ஆயா, தெருமுனைத் தேநீர்க் கடைக்காரர் என எவரும் ஆகலாம். வகுப்பில் பாதிப்பேர் உறவல்லாதவரைத் தேர்ந்தெடுத்தாலும் ஆய்வுக்கு எந்தக் குறையும் இல்லை.

மூன்றாவது, சொத்து. கிரயப் பத்திரம், பட்டா, பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியவை வரலாற்றாசிரியருக்கு அருமையான சான்றுகள்தாம். ஆனால் பேரன் திடீரென்று வந்து ‘தாத்தா, பத்திரத்தைக் காட்டுங்கள்’ என்று கேட்டால், அவனை யார் அனுப்பினார்கள் என்ற சந்தேகம் பங்காளிகள் வீடுவரை போகும். நிலம் தொடர்பான எந்தத் தாளும் இந்தத் திட்டத்தில் வேண்டாம்.

மூன்றாம் படி: பெற்றோருக்குக் கடிதம்

ஒரு பக்கத்துக்கு மிகாமல், தலைமை ஆசிரியரின் ஒப்புதலோடு கடிதம் அனுப்புங்கள். என்ன கேட்கப்படும், என்ன கேட்கப்படாது, குரல் பதிவு செய்யப்பட்டால் அது யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும், வகுப்பில் யார் பெயரும் இல்லாமல் விடைகள் எப்படித் தொகுக்கப்படும் என்பவற்றை எளிய மொழியில் எழுத வேண்டும். படிக்கத் தெரியாத பெற்றோருக்காகப் பெற்றோர் கூட்டத்தில் வாய்மொழியாகவும் விளக்குங்கள். நேர்காணல் தருபவரின் சம்மதம் தனி. ‘இதைப் பள்ளியில் சொல்லலாமா?’ என்று பேச்சின் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு முறை மாணவர் கேட்க வேண்டும். தொடக்கத்தில் சரி என்றவர், பேசி முடித்தபின் ஒரு பகுதியை மட்டும் ‘அது நமக்குள்ளேயே இருக்கட்டும்’ என்று சொல்வது இயல்பு.

நான்காம் படி: வகுப்பில் ஒத்திகை

பிள்ளைகளை நேரடியாக வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவரையோ, பள்ளிக்கு அருகில் வசிக்கும் முதியவர் ஒருவரையோ வகுப்புக்கு அழைத்து, மாணவர்கள் கண்முன்னே ஆசிரியர் இருபது நிமிடம் பேட்டி காணட்டும். அதன்பின் மாணவர்கள் கேட்கட்டும். மறுநாள் அந்த உரையாடலைப் பகுத்துப் பாருங்கள்: எந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் பதில் வந்தது? எந்தக் கேள்வி அவரைப் பத்து நிமிடம் பேசவைத்தது? ‘அந்தக் காலத்தில் கஷ்டப்பட்டீர்களா?’ என்ற வினா, வரப்போகும் விடையைத் தானே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. ‘காலையில் எழுந்ததிலிருந்து பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை என்ன செய்வீர்கள்?’ என்ற வினா அப்படிச் செய்வதில்லை. இந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் விளக்குவதைவிட, ஒருமுறை கண்ணால் பார்த்தபின் பேசினால் பிள்ளைகளுக்கு விரைவில் விளங்கும்.

ஐந்தாம் படி: நேர்காணல்

அரை மணி நேரம் போதும். வேலை முடிந்து ஓய்வாக இருக்கும் நேரத்தில், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, கீழே உட்கார்ந்து பேசலாம். வினாத்தாளை வரிசையாக வாசிக்க வேண்டியதில்லை. ஆறேழு கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். எந்தப் பள்ளிக்கூடம், எவ்வளவு தூரம், யாரோடு நடந்து போனீர்கள், சிலேட்டா நோட்டா, மதியம் என்ன சாப்பிட்டீர்கள், கூடப் படித்த பெண்பிள்ளைகள் எத்தனை பேர், கடைசி நாள் எது, அன்று என்ன நடந்தது. இவற்றில் கடைசிக் கேள்வியை அவசரமாகக் கேட்கக் கூடாது. படிப்பு நின்ற கதைக்குப் பின்னால் பூப்பெய்தியது, தாயின் மரணம், கடன், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதது என்று ஏதேனும் ஒன்று இருக்கும். பேச்சு நின்றால் மாணவரும் பேசாமல் காத்திருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அழுகை வந்தால் நோட்டை மூடிவிட்டுத் தண்ணீர் கொண்டு வந்து கொடுக்க வேண்டும் என்பதையும் ஒத்திகையிலேயே சொல்லிவிடுங்கள்.

முதியவரின் சொற்களை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ‘மூணாப்பு’ என்றால் ‘மூணாப்பு’ என்றே குறிப்பில் இருக்க வேண்டும். ‘மூன்றாம் வகுப்பு’ என்ற திருத்தம் அறிக்கையில் வரட்டும். ‘ஜில்லா’, ‘அணா’, ‘படி’, ‘கைநாட்டு’ போன்ற சொற்களுக்கு வகுப்பில் பொதுவான அகராதி ஒன்று தானாக வளரும்.

பெயர்களைக் கேட்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கணவர் பெயரை வாயால் சொல்லாத பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். வற்புறுத்தாமல் வேறொருவரிடம் கேட்டுக்கொள்வதே வழி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரித் தோடர்களிடையே குடும்ப வழிமுறைகளைத் திரட்டிய ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸும், இறந்த உறவினர் பெயரைச் சொல்ல அவர்கள் தயங்கியதால் வேறு குடும்பத்தாரிடம் கேட்டே அப்பெயர்களை அறிந்தார். நம் பிள்ளைகளுக்கும் அந்த முறையே போதும்.

ஆறாம் படி: ஆண்டைக் கண்டுபிடித்தல்

முதியவர்கள் ஆண்டெண்ணைச் சொல்வது அரிது. நிகழ்ச்சியைச் சொல்வார்கள், தமிழ் ஆண்டின் பெயரைச் சொல்வார்கள், அல்லது ‘உங்க பெரியப்பா வயித்துல இருந்தப்ப’ என்பார்கள். இந்த மூன்றையும் ஆண்டாக மாற்றும் பயிற்சியைப் பிள்ளைகள் விளையாட்டுப் போல ரசித்துச் செய்வதுண்டு. கணித ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நிகழ்ச்சி அட்டவணை ஒன்றை வகுப்பே தயாரிக்கட்டும். 1957 ஏப்ரலில் அணா, பைசாக் கணக்கு மாறிப் புதிய நாணயம் வந்தது. 1964 டிசம்பர் 22–23 இரவில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. 1969 ஜனவரி 14 அன்று சென்னை மாநிலம் தமிழ்நாடு என்ற பெயர் பெற்றது. 1977 நவம்பரில் டெல்டாவையும் திருச்சியையும் புயல், வெள்ளம் தாக்கியது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. இவற்றோடு உங்கள் ஊருக்கே உரிய நிகழ்ச்சிகளையும் சேருங்கள்: ஏரி உடைந்த ஆண்டு, முதல் பேருந்து வந்த ஆண்டு, கோயில் குடமுழுக்கு, ஆலை மூடப்பட்ட ஆண்டு. ஊர் அட்டவணைதான் உண்மையில் அதிகம் பயன்படும்.

தமிழ் ஆண்டுகள் அறுபது; பிரபவ முதல் அட்சய வரை ஒரு சுற்று. பிரபவ ஆண்டு 1927 ஏப்ரலிலும், மீண்டும் 1987 ஏப்ரலிலும் பிறந்தது. இதை வைத்துக்கொண்டு எண்ணினால் எந்த ஆண்டையும் கண்டுபிடித்துவிடலாம். முப்பத்தெட்டாவது ஆண்டான குரோதி 1964 ஏப்ரலில் தொடங்கியது; 2024 ஏப்ரலில் மறுபடி வந்தது. ஆகவே ‘குரோதி வருஷம்’ என்ற பேச்சைக் கேட்டதும், எந்தச் சுற்று என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். இன்னொரு பொறியும் உண்டு: சித்திரையில் தொடங்கும் ஆண்டின் தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். தனுஷ்கோடிப் புயலும் மறுமாதத்து மாணவர் போராட்டமும் ஆங்கிலக் கணக்கில் இரண்டு ஆண்டுகள், தமிழ்க் கணக்கில் ஒரே குரோதி. மார்கழியோ இரண்டு ஆங்கில ஆண்டுகளிலும் கால் வைத்திருக்கும்.

ஊர்ப் பெயரிலும் இத்தகைய சிக்கல் வரும். ஈரோட்டுப் பாட்டி தாம் கோயம்புத்தூர் ஜில்லாவில் பிறந்ததாகச் சொன்னால் அது பிழையன்று. ஈரோடு 1979இல்தான் பெரியார் மாவட்டமாகப் பிரிந்தது. தருமபுரி 1965வரை சேலம். கன்னியாகுமரி 1956 நவம்பர் 1வரை திருவிதாங்கூர்–கொச்சியைச் சேர்ந்தது. அங்கே பழைய தாள்கள் மலையாளத்திலும் கொல்லம் ஆண்டுக் கணக்கிலும் இருக்கும்.

ஏழாம் படி: வீட்டுக்குள் சான்று தேடுதல்

ஒவ்வொரு மாணவரும் நேர்காணலோடு தொடர்புடைய ஒரே ஒரு பொருளையோ தாளையோ தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மூலத்தைப் பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது. படமெடுத்தோ, பார்த்து எழுதியோ கொண்டுவந்தால் போதும். வீட்டில் எழுத்தே இல்லை என்று சொல்லும் பிள்ளைகளுக்கு எங்கே தேடுவது என்று காட்டுவது ஆசிரியரின் பொறுப்பு.

முதலில் அடுக்களைக்கு அனுப்புங்கள். பித்தளைக் குடத்திலும் எவர்சில்வர் அண்டாவிலும் பெயரும் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருப்பார்கள். திருமணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று எந்தச் சடங்குக்கு யார் கொடுத்தது என்பது பாத்திரத்தின் வயிற்றிலேயே இருக்கும். தம் பெயரை எழுதத் தெரியாத பெண்களின் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் சில வீடுகளில் அந்தக் குடமாகத்தான் இருக்கிறது. அடுத்து மொய் நோட்டு: ஒரு திருமணத்துக்கு எந்தெந்த ஊர்களிலிருந்து யார் வந்தார்கள், எவ்வளவு எழுதினார்கள் என்ற பட்டியல் அதில் கிடைக்கும். ஊர்ப் பெயர்களை மட்டும் எடுத்து வரைபடத்தில் குறித்தால் அந்தக் குடும்பத்தின் உலகம் எவ்வளவு பெரியது என்று தெரியும். தொகைகளையும் பெயர்களையும் வகுப்பில் காட்ட வேண்டாம். கல்யாணப் பத்திரிகை, ஜாதக நோட்டு, ஸ்டுடியோ முத்திரை பதிந்த புகைப்படத்தின் பின்பக்கம், பழைய குடும்ப அட்டை, அஞ்சலகச் சேமிப்புப் புத்தகம் ஆகியவையும் பயன்படும். கிறித்தவக் குடும்பங்களுக்குத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடும், இஸ்லாமியக் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடும் உண்டு. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கும் கூடலூருக்கும் வந்து சேர்ந்த குடும்பங்களில் அந்தக் கால இந்தியக் கடவுச்சீட்டு இன்னும் பத்திரமாக இருக்கக்கூடும்.

அரசு ஆவணங்களில் பிறப்புப் பதிவைப் பற்றிப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். இப்போதுள்ள பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. அதற்கு முன்பும் சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது; ஆனாலும் கிராமங்களில் விடுபட்டவை ஏராளம். பதிவானவற்றிலும் பெயர் இல்லாமல் ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். அந்தப் பதிவேட்டை எழுதிவந்தவர் கிராம முன்சீப். பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன. பிள்ளைகளைத் தாலுகா அலுவலகத்துக்கு அலையவிடாமல், பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டை ஆசிரியரே எடுத்துப் பாருங்கள். அதில் சாதிக்கான கட்டம் இருப்பதால் மாணவர் கையில் தரக் கூடாது. சேர்ந்த ஆண்டு, வகுப்பு, ஆணா பெண்ணா, நீங்கிய ஆண்டு ஆகிய நான்கை மட்டும் பெயரில்லாமல் எழுதி எடுத்துவந்தால் அதுவே வகுப்புக்குப் பெரிய சான்றாகும்.

எட்டாம் படி: வாய்ச்சொல்லையும் தாளையும் ஒப்பிடுதல்

திட்டத்தின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. இரண்டு பாடவேளைகளையாவது இதற்கு ஒதுக்குங்கள். கற்பனையான ஒரு பாட்டியை வைத்து வகுப்பில் இப்படி நடத்திக் காட்டலாம்.

பாட்டி சொல்கிறார்: ‘தனுஷ்கோடி புயலடிச்சப்ப நான் மூணாப்பு. அதோட நின்னுட்டேன்.’ அவருடைய ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டு 1952. பள்ளிப் பதிவேட்டின்படி அவர் பிறந்த நாள் 1957 ஜூன் 1. சேர்ந்தது 1962 ஜூன், முதல் வகுப்பு. நீங்கியது 1965 நவம்பர், நான்காம் வகுப்பு. இவற்றில் எது உண்மை?

மாணவர்கள் முதலில் தாளையே நம்புவார்கள். அவர்களைக் கேள்வி கேட்டு நகர்த்துங்கள். 1962இல் முதல் வகுப்பில் சேர்ந்தவர் 1964 டிசம்பரில் மூன்றாம் வகுப்பில் இருப்பார்; பாட்டியின் நினைவும் பதிவேடும் அங்கே பொருந்துகின்றன. ஆதார் சரியானால் பன்னிரண்டு வயதில் மூன்றாம் வகுப்பு. நடக்கக்கூடியதுதான், ஆனால் ஆதார் எழுதிய அன்று வயதை யாரோ உத்தேசமாகச் சொல்லியிருக்கலாம். அப்படியானால் பதிவேட்டின் பிறந்த நாளை நம்பலாமா? ஜூன் 1இல் பிறந்து, ஐந்து வயது முடிந்த கையோடு அதே ஜூனில் பள்ளியில் சேர்வது சற்று அதிகமாகவே பொருந்துகிறது. தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று முடிவுசெய்து, அதற்கேற்ற தேதியை ஆசிரியரே எழுதிய காலம் அது. ஆகவே ‘1956க்கும் 1958க்கும் இடையில் பிறந்திருக்கலாம்’ என்பதே நாம் சொல்லத்தக்கது. படிப்பு நின்றது மூன்றிலா நான்கிலா? பாட்டி வருவதை நிறுத்திய பின்னும் பள்ளி அவர் பெயரை வருகைப் பதிவேட்டில் வைத்திருந்திருக்கலாம். அல்லது நான்காம் வகுப்பில் சில மாதங்கள் போனது பாட்டிக்கு மறந்திருக்கலாம். பாட்டியிடம் திரும்பிப் போய்க் கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. அந்த இரண்டாம் சந்திப்பில்தான் நல்ல செய்திகள் வருகின்றன.

‘உறுதி’, ‘பெரும்பாலும் உண்மை’, ‘இருக்கலாம்’, ‘முரண்படுகிறது’ என்ற நான்கு நிலைகளில் ஒன்றை ஒவ்வொரு செய்திக்கும் மாணவர் எழுத வேண்டும். முரணை மறைத்து எழுதிய அறிக்கையைவிட, முரணைக் காட்டி நிறுத்திய அறிக்கைக்கு அதிக மதிப்பெண் உண்டு என்பதை இப்போதே அறிவித்துவிடுங்கள்.

பெண்களின் பெயரில் ஓர் எச்சரிக்கை: திருமணத்துக்கு முன் தந்தையின் முதலெழுத்து, பின் கணவரின் முதலெழுத்து என்று மாறுவதால் ஒரே பெண் இரண்டு தாள்களில் இரண்டு பேராகத் தோன்றுவார். வீட்டுப் பெயர், பள்ளிப் பெயர், பட்டப்பெயர் என்று மூன்று வைத்திருந்த ஆண்களும் உண்டு.

ஒன்பதாம் படி: விரும்பியவர்க்கு உறவு வரைபடம்

கடையில் விற்கும் மர வடிவப் படத்தை வாங்கவிடாதீர்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் கிளைகள் பிரிந்துகொண்டே போகும் என்ற கணக்கில் வரையப்பட்ட படம் அது. நம் குடும்பங்களில் பல அப்படிப் பிரிவதில்லை. மாமன் மகளையோ அத்தை மகனையோ மணப்பதும், அக்காள் மகளை மணப்பதும் வழக்கமாக இருந்த வீடுகளில் பிரிந்த கிளைகள் மறுபடி வந்து சேரும். அப்பாவின் அம்மாவே அம்மாவின் அத்தையாகவும் இருப்பார். மானிடவியலாளர் வழக்கப்படி ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமக்குறி, உடன்பிறப்புக்கு மேற்கோடு என்று வரைந்து, ஒருவரை ஒருமுறை மட்டும் குறித்து, கோடுகளை வளைத்து இணைத்தால் வலை போன்ற சரியான படம் கிடைக்கும். மூன்று தலைமுறைக்கு மேல் வேண்டாம். இது கட்டாயமும் இல்லை, இதற்கு மதிப்பெண்ணும் இல்லை. வரைந்தவர் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். சுவரில் மாட்ட வேண்டியதில்லை.

பத்தாம் படி: வகுப்பின் பொது அட்டவணை

இப்போது எல்லோருடைய விடைகளையும் பெயரில்லாமல் ஒரே அட்டவணையில் சேருங்கள். உத்தேசப் பிறந்த ஆண்டு, ஆணா பெண்ணா, கடைசியாகப் படித்த வகுப்பு, நிறுத்திய காரணம், பள்ளியின் தூரம், மதிய உணவு கிடைத்ததா என்று ஆறு கட்டங்கள் போதும். பத்தாண்டு வாரியாகப் பிரித்துப் பட்டை வரைபடம் போடச் சொல்லுங்கள். ஆண்களும் பெண்களும் படிப்பை எப்போது விட்டார்கள், எந்தக் காலத்தில் அந்த இடைவெளி சுருங்கத் தொடங்கியது என்பதை மாணவர்களே படத்திலிருந்து சொல்ல வேண்டும். பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்த எண்ணிக்கையை அதன் பக்கத்தில் வையுங்கள். பதிவேட்டில் இருப்பவர்கள் பள்ளிக்கு வந்தவர்கள் மட்டுமே. வராதவர்கள் நேர்காணல்களில்தான் இருக்கிறார்கள். இரண்டு சான்றுகளும் ஏன் வேறுபட்ட படத்தைத் தருகின்றன என்று விளக்கும் மாணவர், வரலாற்றாய்வின் முதன்மையான பாடம் ஒன்றைக் கற்றுவிட்டார்.

இங்கே ஒரு கட்டுப்பாடும் வேண்டும். நாற்பது முதியவர்களின் விடைகளை வைத்துத் தமிழ்நாட்டைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது. நமக்குத் தெரிந்தவர்கள், உயிரோடிருப்பவர்கள், பேச ஒப்பியவர்கள் ஆகியோரைப் பற்றி மட்டுமே இந்த அட்டவணை பேசுகிறது என்பதை அதன் கீழேயே எழுதிவைக்கட்டும்.

பதினொன்றாம் படி: அறிக்கையும் மதிப்பீடும்

மாணவர் அறிக்கை இரண்டு பக்கங்கள்: கேள்வி, பேசியவர் யார் என்ற சிறு அறிமுகம், அவர் சொன்னவற்றின் சுருக்கமும் ஓரிரு நேரடி வாசகங்களும், சான்றின் விவரிப்பு, ஒப்பீடு, விடை தெரியாத கேள்விகள். வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடாக இதைக் கணக்கிட்டால், இருபது மதிப்பெண்ணில் நேர்காணல் குறிப்புக்கு ஐந்து, சான்றுக்கு நான்கு, ஒப்பீட்டுக்கு எட்டு, மொழிக்கு மூன்று என்று பிரிக்கலாம். படங்களின் அழகுக்கும், குடும்பத்தின் பெருமைக்கும், சான்றின் பழமைக்கும் மதிப்பெண் இல்லை. நூறாண்டுக் கடிதம் கொண்டுவந்தவரும் பத்தாண்டுப் பழைய கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தவரும் ஒப்பீட்டில் மட்டுமே வேறுபட வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் பொது அட்டவணையை மட்டும் காட்சிக்கு வையுங்கள். தனி அறிக்கைகளை வாசிப்பது, எழுதிய மாணவரும் பேசிய முதியவரும் இருவரும் ஒப்பினால் மட்டுமே. அறிக்கையின் படி ஒன்றைப் பேசியவர் கையில் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு மாணவர் வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் திருத்தத்தைச் சேர்த்த பின்பே அதை முடிந்ததாகக் கொள்ளலாம். வாட்ஸ்அப் குழுவில் எதையும் பகிர வேண்டாம். குரல் பதிவுகள் குடும்பத்தின் கைப்பேசியிலேயே இருக்கட்டும். ஆசிரியரிடம் வந்தவற்றைக் கல்வியாண்டு முடிவதற்குள் அழித்துவிட்டு, அழித்ததைப் பெற்றோருக்குத் தெரிவியுங்கள். பெயரில்லாத பொது அட்டவணையை மட்டும் பள்ளியில் பாதுகாத்து வைத்தால், அடுத்த ஆண்டு வகுப்பு புதிய நாற்பது விடைகளை அதிலேயே சேர்த்துத் தொடரலாம்.